‘முதல் பெண்’ என்னும் வரலாற்று எடுத்துரைப்பு: அமெரிக்க அரசியல் பதவிகளில் பெண்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அரசியலில் பதவி வகித்த பெண்களின் வரலாறு பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்னும் சட்டகத்திற்குள் எழுதப்படுகிறது. முதல் மேயர், முதல் ஆளுநர், முதல் செனட்டர் என நீளும் இப்பட்டியல் சாதனையைப் பதிவு செய்கிறது. அச்சாதனை நிகழ்ந்த வழியையும் அதற்கு முன்னிருந்த தடையையும் மறைத்துவிடுகிறது. இக்கட்டுரை அப்பட்டியலை மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது. வாக்குரிமைக்கும் பதவியுரிமைக்கும் இடையிலான வேறுபாடு, மறைந்த கணவரின் இருக்கைக்கு மனைவி வரும் முறை, தொகுதி எல்லையின் பங்கு, இனத்தால் ஏற்பட்ட கால இடைவெளி, அடையாளத்திற்கும் அதிகாரத்திற்கும் உள்ள தொலைவு ஆகியவற்றை முன்வைத்து, ‘முதல்’ என்பதைப் புகழ்மொழியாகக் கொள்ளாமல் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்கப் பெண் அரசியலர், வாக்குரிமை, பதவியுரிமை, வரலாற்றெழுதியல், ஷெர்லி சிஷோம், முதற்பொருள்.

முன்னுரை

பெண்களின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் முதலில் தேடுவது பெயர்களை. அடுத்துத் தேடுவது ஆண்டுகளை. இவ்விரண்டும் கிடைத்தவுடன் ஒரு பட்டியல் உருவாகிறது. அமெரிக்கப் பெண்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் அறிமுகங்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும் இப்பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. பட்டியல் தவறான செய்தியைத் தருவதில்லை. ஆனால் சரியான செய்திகளைக் கொண்டே தவறான தோற்றம் ஒன்றை அது உருவாக்கிவிடுகிறது. ஒரு கதவு திறந்தது, ஒருவர் நுழைந்தார், பின்னர் பலரும் நுழைந்தனர் என்னும் நேர்கோட்டு வளர்ச்சியே அத்தோற்றம்.

தமிழில் ‘முதல்’ என்னும் சொல்லுக்கு வரிசையின் தொடக்கம் என்பது ஒரு பொருள். வணிகத்தில் இடப்படும் மூலதனம் என்பது மற்றொரு பொருள். தொல்காப்பியப் பொருளிலக்கணமோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மாந்தர்தம் ஒழுக்கம் நிகழ்வதற்கு இடமும் காலமும் அடிப்படை என்பது இதன் உட்கிடை. இம்மூன்று பொருள்களையும் ஒருங்கே நினைவில் கொண்டால், ‘முதல் பெண்’ என்னும் தொடர் மூன்று வினாக்களை எழுப்புகிறது. அவர் எவ்வரிசையில் முதல்வர்? எம்மூலதனத்தைக் கொண்டு நுழைந்தார்? எந்த நிலமும் பொழுதும் அவருக்கு இடமளித்தன? பட்டியல் முதல் வினாவுக்கு மட்டுமே விடை தருகிறது. எஞ்சிய இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வாக்குரிமையும் பதவியுரிமையும்

வாக்களிக்கும் உரிமை கிடைத்த பின்னரே பதவி வகிக்கும் உரிமை கிடைத்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க வரலாறு இவ்வெண்ணத்திற்கு முழுமையாக உடன்படுவதில்லை. 1787-இல் வரையப்பட்ட அரசியலமைப்பு, பிரதிநிதிகள் அவை உறுப்பினருக்கு 25 வயதும், ஏழாண்டுக் குடியுரிமையும், அம்மாநிலத்தில் குடியிருப்பும் வேண்டும் என்று கூறுகிறது. ஆணாக இருக்கவேண்டும் என்று தகுதி விதிக்கவில்லை. இந்த மௌனத்தைப் பயன்படுத்தியே 1866-இல் எலிசபெத் கேடி ஸ்டான்டன் நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டார். தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்த அவர் 24 வாக்குகளைப் பெற்றார். பட்டியல் வரலாற்றில் இது ஒரு தோல்வி. எனினும், பெண் பதவி வகிப்பதைத் தடுத்தது கூட்டாட்சி அரசியலமைப்பின் எழுத்தா, வழக்கத்தின் வலிமையா என்னும் வினாவை இத்தோல்வியே முதலில் வெளிப்படையாக்கியது.

1869-இல் வயோமிங் ஆட்சிப்பகுதி இயற்றிய சட்டம் பெண்களுக்கு வாக்குரிமையையும் பதவி வகிக்கும் உரிமையையும் சேர்த்தே வழங்கியது. சட்டத்தின் தலைப்பே இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டது. இவை இரண்டும் வெவ்வேறு உரிமைகள் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. அடுத்த ஆண்டே எஸ்தர் ஹோபர்ட் மோரிஸ் சவுத் பாஸ் சிட்டி என்னும் சுரங்க ஊரில் அமைதி நீதிபதியாக நியமிக்கப்பட்டார்.

இவ்வேறுபாடு 1920-க்குப் பின்னும் மறையவில்லை. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த 19-ஆம் திருத்தம் பாலினத்தின் பெயரால் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது. பதவியுரிமை பற்றி அது எதுவும் கூறவில்லை. அயோவா மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கான தகுதியிலிருந்து ‘ஆண்’ என்னும் சொல் 1926-இல்தான் நீக்கப்பட்டது. ஓக்லஹோமாவில் ஆளுநர் உள்ளிட்ட உயர் மாநிலப் பதவிகள் 1942 வரை பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. அதே ஓக்லஹோமாவிலிருந்து 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆலிஸ் ராபர்ட்சன் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாஷிங்டனில் நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தகுதி பெற்றவர் தம் மாநிலத்தில் ஆளுநராகத் தகுதியற்றவராக இருந்தார். மேலும், ராபர்ட்சன் பெண் வாக்குரிமையை எதிர்த்து இயங்கியவர். காங்கிரஸில் நுழைந்த இரண்டாவது பெண் என்று மட்டும் அவரைக் குறிப்பிடும் பட்டியலில் இம்முரண்கள் எவற்றுக்கும் இடமில்லை.

2. வேடிக்கையும் வெற்றியும்

1887-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஆர்கோனியா என்னும் சிற்றூரில் சுசன்னா சால்டர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவின் முதல் பெண் மேயர் என அவர் போற்றப்படுகிறார். மதுவிலக்கு இயக்கப் பெண்களை எள்ளி நகையாட விரும்பிய ஆண்கள் சிலர் அவருக்குத் தெரியாமலேயே அவர் பெயரை வாக்குச்சீட்டில் சேர்த்தனர். தாம் வேட்பாளர் என்பதை அவர் தேர்தல் நாளன்றுதான் அறிந்தார். அவ்வாண்டு கான்சாஸில் நகராட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையைப் பெண்கள் பெற்றிருந்தனர். வேடிக்கைக்காக நிறுத்தப்பட்டவர் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் வென்றார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் சுவையான துணுக்காகவே எடுத்துரைக்கப்படுகிறது. திறனாய்வு நோக்கில் இதன் சிறப்பு வேறு. எள்ளலை வெற்றியாக மாற்றியது தனியொருவரின் துணிவு அன்று. மதுவிலக்கு இயக்கம் என்னும் அமைப்பு வலிமையும் அவ்வாண்டில் கிடைத்த நகராட்சி வாக்குரிமையும் ஆகும். நிலமும் பொழுதும் பொருந்தியிராவிடின் அவ்வேடிக்கை வேடிக்கையாகவே முடிந்திருக்கும்.

1893-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த கொலராடோவில் அடுத்த ஆண்டே கிளாரா கிரெசிங்ஹாம், கேரி ஹோலி, பிரான்சஸ் குளோக் என்னும் மூவர் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1896-இல் யூட்டாவில் மருத்துவர் மார்த்தா ஹியூஸ் கேனன் மாநில செனட்டரானார். ஒரே தேர்தலில் அவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவும் அவர் கணவர் குடியரசுக் கட்சி வேட்பாளராகவும் நின்றனர். மனைவி வென்றார், கணவர் தோற்றார். 19-ஆம் திருத்தத்திற்கு முன்பே நிகழ்ந்த இவ்வெற்றிகள் அனைத்தும் மேற்கு மாநிலங்களைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது. பெண்களின் பதவி வரலாறு தலைநகரிலிருந்து ஊர்களுக்குப் பரவவில்லை. ஊராட்சி, மாநில அளவில் உருவாகி மெல்லத் தலைநகரை எட்டியது.

3. கணவரின் இருக்கை

தமிழில் ‘முதல் பெண்மணி’ என்னும் தொடர் இருவேறு பொருளில் வழங்குகிறது. ஒரு துறையில் முன்னோடியான பெண்ணையும் அது குறிக்கும். ஆட்சித் தலைவரின் மனைவியையும் குறிக்கும். அமெரிக்க வரலாற்றின் ஒரு காலகட்டத்தில் இவ்விரு பொருளும் ஒருவரிடமே கூடியிருந்தன.

1924 அக்டோபரில் வயோமிங் ஆளுநர் வில்லியம் ராஸ் காலமானார். எஞ்சிய பதவிக்காலத்திற்கு அவர் மனைவி நெல்லி டெய்லோ ராஸ் அடுத்த மாதமே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1925 ஜனவரியில் நாட்டின் முதல் பெண் ஆளுநரானார். அதே நாளில் டெக்சாஸில் மிரியம் பெர்கூசன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கணவர் ஜேம்ஸ் பெர்கூசன் 1917-இல் பதவிநீக்கம் செய்யப்பட்டு, மாநிலத்தில் மீண்டும் பதவி வகிக்கத் தடை விதிக்கப்பட்டவர். ஒருவருக்கு அளிக்கும் வாக்கில் இரண்டு ஆளுநர்கள் கிடைப்பர் என்பதே அவர்களது பரப்புரையாக அமைந்தது. 1966-இல் அலபாமாவில் லர்லீன் வாலஸ் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவர் கணவர் தொடர்ந்து போட்டியிட மாநிலச் சட்டம் இடந்தராத காரணத்தாலேயே ஆகும். ஆளுநரின் மனைவி என்னும் நிலையின்றி ஒரு பெண் ஆளுநராக, 1974-இல் கனெக்டிகட்டில் எல்லா கிராசோ வெல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் ஆளுநருக்கும் இவருக்கும் இடையில் அரை நூற்றாண்டு கழிந்துள்ளது. முதன்மைப் பட்டியலில் இந்த அரை நூற்றாண்டு தென்படுவதில்லை.

காங்கிரஸில் மறைந்த உறுப்பினரின் மனைவி அவர் இடத்திற்கு வருவது ‘கைம்பெண் வாரிசுரிமை’ என்று குறிப்பிடத்தக்க அளவுக்கு வழக்கமாயிற்று. பிரதிநிதிகள் அவையின் வெற்றிடத்தை இடைத்தேர்தல் வழியாக மட்டுமே நிரப்ப இயலும். செனட் வெற்றிடத்திலோ, 1913-ஆம் ஆண்டின் 17-ஆம் திருத்தப்படி, மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். இந்த நியமன அதிகாரமே, போட்டியிட விரும்பும் ஆண்களுக்கு நேரம் தேடித்தரும் கருவியாகப் பயன்பட்டது. கணவரை இழந்த பெண் இருக்கையைக் காத்து வைப்பார். தேர்தல் வந்ததும் விலகிக்கொள்வார் என்பதே எதிர்பார்ப்பு.

ஹேட்டி காரவே இவ்வெதிர்பார்ப்பை உடைத்தார். 1931-இல் கணவர் மறைந்தபின் ஆர்கன்சாஸ் ஆளுநரால் செனட்டுக்கு நியமிக்கப்பட்ட அவர், 1932-இல் முழுப் பதவிக்காலத்திற்கும் தாமே போட்டியிடப்போவதாக அறிவித்து வென்றார், 1938-இலும் வென்றார். மாசசூசெட்சின் எடித் நோர்ஸ் ராஜர்ஸ் 1925-இல் கணவரின் இடத்திற்கு வந்து 1960-இல் மறையும்வரை 35 ஆண்டுகள் பணியாற்றினார். 1942-இல் பெண்களுக்கான இராணுவத் துணைப்படையை அமைத்த சட்டமும், போரிலிருந்து திரும்பியோருக்குக் கல்வியும் கடனும் வழங்கிய 1944-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் உழைப்பைச் சார்ந்தவை. மெய்ன் மாநிலத்தின் மார்கரெட் சேஸ் சுமித் 1940-இல் இவ்வழியாகவே பிரதிநிதிகள் அவைக்கு வந்து, 1948-இல் தம் சொந்த வலிமையால் செனட்டுக்குச் சென்றார். 1950 ஜூன் 1 அன்று, தம் கட்சியைச் சேர்ந்த ஜோசப் மெக்கார்த்தியின் அவதூறு அரசியலை எதிர்த்து அவையில் உரையாற்றினார்.

லூசியானாவின் லிண்டி பாக்ஸ் 1973-இல் கணவரின் இடத்திற்கு வந்தவர். கணவரின் கையொப்பமின்றிப் பெண்களுக்கு வங்கிகள் கடன் மறுப்பது இயல்பாக இருந்த காலம் அது. கடன் வழங்குவதில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டமுன்வரைவு குழுவுக்கு வந்தபோது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அவர் தம் கைப்பட எழுதிச் சேர்த்தார். 1974-இல் நிறைவேறிய சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தில் அச்சொற்கள் இடம்பெற்றன.

இச்சான்றுகளிலிருந்து இரண்டு கருத்துகளைப் பெறலாம். ஒன்று, நுழைந்த வழியைக் கொண்டு நிகழ்த்திய பணியை மதிப்பிடலாகாது. மற்றொன்று, நிகழ்த்திய பணியைக் கொண்டு நுழைவாயிலின் குறுக்கத்தை மறந்துவிடலாகாது. குடும்ப வழியை ஆண்களும் பயன்படுத்தினர் என்பதும் உண்மை. தந்தையைத் தொடர்ந்து குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ், ஜார்ஜ் வா. புஷ் ஆகியோர் இதற்குச் சான்று. ஆண்களுக்கு அது பல வழிகளுள் ஒன்றாக இருந்தது. பெண்களுக்கோ நெடுங்காலம் அதுவே முதன்மை வழியாக இருந்தது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

4. ஒருநாள் செனட்டர்

‘முதல்’ என்னும் அடைமொழி எத்துணை வெறுமையாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு ரெபெக்கா லாட்டிமர் பெல்டன் சான்றாவார். 1922 அக்டோபரில் ஜார்ஜியா ஆளுநர் தாமஸ் ஹார்ட்விக் அவரைச் செனட்டுக்கு நியமித்தார். 19-ஆம் திருத்தத்தை எதிர்த்திருந்த ஹார்ட்விக், புதிதாக வாக்குரிமை பெற்ற பெண்களின் ஆதரவைத் தேடினார்; அதே செனட் இருக்கைக்குத் தாமும் போட்டியிட விரும்பினார். 87 வயதான பெல்டன் தமக்குப் போட்டியாக நிற்கமாட்டார் என்பதும் அவர் கணக்கில் அடங்கும். தேர்தலில் வால்டர் ஜார்ஜ் வென்றார். அவர் பொறுப்பேற்பதைச் சற்றே தள்ளிவைத்ததால் பெல்டன் 1922 நவம்பர் 21 அன்று உறுதிமொழி ஏற்று ஒருநாள் செனட்டராக இருந்தார்.

பெண் வாக்குரிமைக்காகப் போராடிய பெல்டன், அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்; கறுப்பின ஆண்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதை 1897-இல் மேடையேறி ஆதரித்துப் பேசியவர். செனட்டின் முதல் பெண்ணே அடிமை உடைமையாளராக இருந்த கடைசிச் செனட்டரும் ஆவார். பட்டியல் அவரது ‘முதல்’ நிலையை மட்டும் நினைவுகூர்ந்து ‘கடைசி’ நிலையை விட்டுவிடும்போது, பெண்ணுரிமை வரலாறு ஒரு சாரார்க்கு மட்டுமே உரிய வரலாறாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பெண்ணின் நுழைவு எல்லாப் பெண்களின் நுழைவு ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

5. தொகுதி எல்லை என்னும் நிலம்

மாண்டனா மாநிலப் பெண்கள் 1914-இல் வாக்குரிமை பெற்றனர். இரண்டாண்டுகளில் அம்மாநிலத்தைச் சேர்ந்த ஜீனெட் ராங்கின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணானார். 1917 ஏப்ரலில் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே ஜெர்மனி மீதான போர் அறிவிப்பை எதிர்த்து வாக்களித்த 50 பேருள் ஒருவரானார். 1918 ஜனவரியில் பெண் வாக்குரிமைத் திருத்தத்தின் மீதான அவை விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

அடுத்த தேர்தலில் அவர் மீண்டும் பிரதிநிதிகள் அவைக்குச் செல்லாததற்குப் போர் எதிர்ப்பே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அதனோடு சேர்த்து நோக்கவேண்டிய காரணம் ஒன்று உண்டு. 1916-இல் மாண்டனா முழுவதும் ஒரே தொகுதியாக இருந்து இரண்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. மாநிலம் முழுவதும் பரவியிருந்த பெண்களின் வாக்குகள் அவருக்குத் துணைநின்றன. பின்னர் மாநிலம் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எனவே அவர் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1940-இல் மீண்டும் வென்று வந்த அவர், 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீதான போர் அறிவிப்பை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினராக நின்றார்.

ராங்கினுக்குத் தடையான தொகுதிச் சீரமைப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் வேறு சிலருக்கு வழியமைத்தது. டெக்சாஸின் பார்பரா ஜோர்டன் 1962-இலும் 1964-இலும் மாநிலப் பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் தோற்றார். உச்சநீதிமன்றம் மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகள் அமையவேண்டும் என்று தீர்ப்பளித்து, எல்லைகள் மாறியபின் 1966-இல் அவர் மாநில செனட்டரானார். 1972-இல் காங்கிரஸுக்குச் சென்றார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நீதிமன்ற ஆணையால் புதிதாக வரையப்பட்ட 12-ஆம் தொகுதியிலிருந்தே 1968-இல் ஷெர்லி சிஷோம் வென்றார். ஆளுமையும் உழைப்பும் இவர்களிடம் முன்னரே இருந்தன. மாறியது நிலத்தின் எல்லை. வாழ்க்கை வரலாறுகள் ஆளுமையை விரித்துரைக்கும் அளவுக்கு எல்லையை விரித்துரைப்பதில்லை.

6. பட்டியலை இடைவெளியாக வாசித்தல்

‘முதல்’ என்பதற்குப் பின் சேரும் அடைமொழிகள் நீண்டுகொண்டே செல்வதைக் காணலாம். இவற்றை மேலும் மேலும் நிகழும் வெற்றிகளாக மட்டும் வாசிப்பது ஒரு முறை. ஒரு வெற்றிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணுவது மற்றொரு முறை. காங்கிரஸில் முதல் பெண் பொறுப்பேற்றது 1917. வெள்ளையரல்லாத முதல் பெண்ணான ஹவாயின் பாட்சி மிங்க் பொறுப்பேற்றது 1965. இடைவெளி 48 ஆண்டுகள். முதல் கறுப்பினப் பெண் சிஷோம் 1969-இல், 52 ஆண்டுகள். முதல் லத்தீன அமெரிக்கப் பெண் இலியானா ராஸ்-லெடினென் 1989-இல், 72 ஆண்டுகள். மண்ணின் மூத்த குடிகளைச் சேர்ந்த டெப் ஹாலண்ட், ஷரிஸ் டேவிட்ஸ் ஆகியோர் 2019-இல், 102 ஆண்டுகள். அந்நிலத்தில் எல்லோருக்கும் முன்பே வாழ்ந்தவர்கள் அவைக்குள் எல்லோருக்கும் பின்பே வந்தனர்.

செனட்டில் 1922-க்குப் பின் கறுப்பினப் பெண் ஒருவர் இடம்பெற 71 ஆண்டுகள் ஆயின. 1993-இல் பொறுப்பேற்ற கேரல் மோஸ்லி பிரான் அவர். கறுப்பினப் பெண்கள் இருவர் ஒரே காலத்தில் செனட்டில் இருப்பது 2025-இல்தான் முதன்முறையாக நிகழ்ந்தது. இவ்வாறு வாசிக்கும்போது ‘முதல்’ என்பது பெருமையின் அளவுகோலாக இல்லாமல் தாமதத்தின் அளவுகோலாக மாறுகிறது.

இவ்வாசிப்பு பிற்காலத் திறனாய்வாளரின் கண்டுபிடிப்பு அன்று. பட்டியலில் இடம்பெற்றவரே முன்வைத்தது. 1970-இல் வெளிவந்த ‘அன்பாட் அண்ட் அன்பாஸ்டு’ என்னும் தம் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே சிஷோம் தம் புகழைக் கேள்விக்குள்ளாக்குகிறார். கறுப்பினத்தவராகவும் பெண்ணாகவும் இருந்து காங்கிரஸ் உறுப்பினரான முதல் நபர் என்பதற்காகத் தாம் நாடறிந்தவரானதே, அச்சமூகம் இன்னும் நீதியுடையதாகவோ விடுதலை பெற்றதாகவோ ஆகவில்லை என்பதற்குச் சான்று என்பது அவர் கருத்து. பொதுவாக அரசியலரின் தன்வரலாறு சாதனையிலிருந்து தொடங்கி அதற்கான தகுதியை நிறுவும். சிஷோமின் நூல் சாதனையை வழக்கில் சான்றுப்பொருளாக முன்வைத்துச் சமூகத்தைக் கூண்டில் நிறுத்துகிறது. விலைக்கு வாங்கப்படாதவர், எவர் ஏவலுக்கும் உட்படாதவர் என்னும் பொருள் தரும் நூல் தலைப்பு எதிர்மறைச் சொற்களாலேயே அமைந்திருப்பதும் இதனோடு இயைகிறது.

நகர்ப்புறத் தொகுதியின் பிரதிநிதியான அவரை வேளாண்மைக் குழுவில் சேர்த்தபோது அவர் வெளிப்படையாக மறுத்து வேறு குழுவுக்கு மாற்றம் பெற்றார். ‘முதல்’ என்று கொண்டாடப்பட்டவருக்கு அவையின் உள்கட்டமைப்பு அளித்த இடம் எது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. 1972-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வில் நின்று, கட்சி மாநாட்டில் சுமார் 152 பிரதிநிதிகளின் வாக்குகளைப் பெற்றார்.

7. எண்ணிக்கையும் அதிகாரமும்

1991 அக்டோபரில், உச்சநீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டைச் சட்டப் பேராசிரியர் அனிதா ஹில் செனட் நீதித்துறைக் குழு முன் கூறினார். அவரை வினவிய 14 உறுப்பினரும் வெள்ளையின ஆண்கள். அன்றைய செனட்டின் 100 உறுப்பினருள் பெண்கள் இருவர். இக்காட்சி எழுப்பிய சினம் 1992 தேர்தலில் நான்கு பெண்களைப் புதிதாகச் செனட்டுக்கு அனுப்பியது. அவ்வாண்டு ‘பெண்களின் ஆண்டு’ என அழைக்கப்பட்டது. புதியவர்களுள் டயான் பைன்ஸ்டீன், மோஸ்லி பிரான் ஆகிய இருவர் அதே நீதித்துறைக் குழுவில் இடம்பெற்றனர். எண்ணிக்கை ஆறானதைவிட, வினாவெழுப்பும் இருக்கையில் பெண்கள் அமர்ந்தது ஆழமான மாற்றம் எனலாம்.

அதிகாரம் பெற்ற பின்னும் கட்டடம் மாறுவதற்குக் காலம் பிடித்தது. நான்சி பெலோசி 2007-இல் பிரதிநிதிகள் அவைத் தலைவரானார். அவை மண்டபத்தை ஒட்டிப் பெண் உறுப்பினர்களுக்கெனக் கழிப்பறை அமைந்தது 2011-இல். செனட்டர் ஒருவர் பதவியிலிருக்கும்போது குழந்தை பெற்றது 2018-இல்தான் முதன்முறையாக நிகழ்ந்தது. டாமி டக்வொர்த் என்னும் அவருக்காகக் கைக்குழந்தையை அவைக்குள் கொண்டுவர அனுமதிக்கும் வகையில் விதி திருத்தப்பட்டது. 2025-இல் தொடங்கிய காங்கிரஸிலும் பெண்களின் பங்கு நான்கில் ஒன்றைச் சற்றே தாண்டியுள்ளது. ஆண் உடலை இயல்பாகக் கொண்டு எழுந்த அவையில் ஒரு ‘முதல்’ நிகழ்வதும், அவை தன்னை மாற்றிக்கொள்வதும் இருவேறு நிகழ்வுகள் என்பதை இவை உணர்த்துகின்றன.

8. தமிழ்ச் சூழலின் வாசிப்பு

2021 ஜனவரி 20 அன்று கமலா ஹாரிஸ் துணைக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அவர் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கொண்டாட்டங்கள் நிகழ்ந்தன. 2020 ஆகஸ்டில் கட்சி மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்னும் தமிழ் உறவுச்சொல்லைப் பயன்படுத்தியதும் பெரிதும் பேசப்பட்டது. உறவுமுறையால் ஒருவரைத் தம்மவராக்கிக்கொள்வது தமிழ்ச் சூழலின் இயல்பு. அதில் குறைகாண இடமில்லை.

ஆயினும் அவ்வுறவு பதவிக்கான வழியை விளக்குவதில்லை. ஓக்லாந்தில் பிறந்து, கறுப்பினத்தவருக்கெனத் தோன்றிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞராகவும் கலிபோர்னியா தலைமை அரசு வழக்கறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2016 தேர்தலில் செனட்டை வென்றவர் அவர். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலின் வழி வேறு. பதினாறு வயதில் அமெரிக்கா சென்ற அவர், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் குடியேறியோர் உரிமைக்கான இயக்கத்தைக் கட்டியெழுப்பி, அதன் வழியாக வாஷிங்டன் மாநில செனட்டுக்கும் பின்னர் 2016 தேர்தலில் காங்கிரஸுக்கும் சென்றார். ஒருவர் சட்டத்துறைப் பதவிகளின் படிக்கட்டு வழியாகவும், மற்றவர் இயக்கத்தின் வழியாகவும் வந்தனர். இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பை 1946-ஆம் ஆண்டுச் சட்டமும், குடியேற்றத்திற்கான வாயிலை 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் திறந்தமை இப்பின்னணியின் பகுதியாகும். பிறப்பைக் கொண்டாடும் வாசிப்பு இச்சட்டங்களையும் இவ்வழிகளையும் காணாது போனால், அது பட்டியலில் மற்றொரு பெயரைச் சேர்ப்பதாகவே அமையும்.

முடிவுரை

‘முதல் பெண்’ என்னும் எடுத்துரைப்பை முற்றிலும் கைவிடவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு அன்று. இயலாது எனக் கருதப்பட்ட ஒன்று இயலும் என்று காட்டிய வலிமை அதற்கு உண்டு. ஆனால் அது ஆய்வின் முடிவாக அமையாமல் தொடக்கமாக அமையவேண்டும். மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• வாக்குரிமையும் பதவியுரிமையும் ஒரே காலத்தில் ஒரே அளவில் கிடைத்தவை அல்ல. இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

• நியமனம், இடைத்தேர்தல், தொகுதி எல்லை போன்ற நிறுவன நடைமுறைகள் தனிமனித ஆளுமைக்கு இணையான வரலாற்றுக் காரணிகள் ஆகும்.

• கணவரின் இருக்கைக்கு வந்தோரின் பணி, நுழைந்த வழியால் தாழ்வதில்லை. அவர்தம் பணியால் அவ்வழியின் குறைபாடு நியாயமாகிவிடுவதுமில்லை.

• பெண் என்னும் பொதுப்பெயர் இன வேறுபாட்டை மறைக்கிறது. இடைவெளி ஆண்டுகளைக் கணக்கிடுவது அதனை வெளிக்கொணர்கிறது.

• அடையாள அளவிலான இருப்பு, அவையின் குழுக்களிலும் விதிகளிலும் கட்டடத்திலும் மாற்றமாக வெளிப்படும்போதே அதிகாரமாக நிறைவுறுகிறது.

ஒரு பெண்ணின் பெயருக்கு முன் ‘முதல்’ என்று எழுதும் ஆய்வாளர், அவருக்கு அடுத்தவர் எப்போது வந்தார் என்பதையும் அதே வரியில் எழுதுவாராயின், பட்டியல் வரலாறாக மாறத் தொடங்கும்.